பால் பொங்குமுன்னே...

இரவு நேரம். வெளியே துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டிருந்தன. எந்த நிமிஷத்தில் எந்தக் குண்டு வீட்டுக்குள் பாயுமோ, யார் கண்டார்கள்? கட்டிலுக்கு அடியில் ஓர் இளம் தாய் தன் குழந்தையை மார்போடு அணைத்தபடி படுத்திருந்தாள்.

பொழுது விடிந்தது. வெடிச் சத்தம் ஓய்ந்தது. இரவு பட்ட பாட்டை அவள் தன் தாயாரிடம் சொன்னாள். தாயார் ஆச்சரியப்படவில்லை. மகள் பச்சைக் குழந்தையாக இருந்த நாளில் தானும் அவளைத் தூக்கிக்கொண்டு இதே போலக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்ததை நினைவுபடுத்தினாள்.

மகளுக்குச் சுருக்கென்றது. தாய் ஒளிந்தாள், மகள் ஒளிந்தாள், இனிப் பேத்தியும் தன் குழந்தையோடு ஒளிய வேண்டியதுதானா? இதற்கு ஒரு முடிவே கிடையாதா?

அந்த இளம் தாயின் பெயர் தேக்கா இப்ராஹிம் அப்தி. ஊர், கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தின் வடகிழக்கில் இருக்கும் வஜீர். காலம், 1990-களின் தொடக்கம். பின்னாளில் அவரே பலருக்கும் சொன்ன சம்பவம் இது. அந்த விடியற்காலைப் பேச்சிலிருந்து கிளம்பிய ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பி வேலை செய்கிற இல்லத்தரசிக்கு, பால் பொங்கப் போவது எப்படியோ தெரிந்துவிடுகிறது. முதலில் ஓரத்தில் சின்னக் குமிழிகள். பிறகு ஆடை மெல்ல எழும்புகிறது. ஓசைகூட மாறுகிறது. ஓடிப்போய் இறக்கி வைத்தால் பால் மிஞ்சும். அசட்டையாக இருந்துவிட்டால் அடுப்பைத் துடைக்கிற வேலைதான் மிஞ்சும். மனிதர்களின் சண்டையும் அப்படித்தான், பொங்குவதற்கு முன் குமிழி காட்டும் என்று வஜீர் ஸ்திரீகள் கண்டார்கள். அவர்களில் பலர் பால் விற்கிறவர்கள்!

ஒட்டகமும் கிணறும்

வஜீர் ஜில்லாவை ஒரு வறண்ட சமவெளி என்று சொல்லலாம். முள் மரங்களும் புதர்களும் மணலுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் பரந்து கிடக்கும். ஐம்பத்தாறாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒரு பக்கம் சோமாலியா, இன்னொரு பக்கம் எத்தியோப்பியா. அங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் சோமாலி இனத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள். தெகோதியா, அஜுரான், ஒகாடென் என்று பல குலங்கள். ஒட்டகம், மாடு, ஆடு இவைதான் சொத்து. ஊருக்குள்ளே இருக்கும் கிணறுகளால்தான் வஜீருக்கு அந்தக் காலத்திலிருந்தே பேர்.

மழை எங்கே பெய்கிறதோ அங்கே புல். புல் எங்கேயோ அங்கே மந்தை. மந்தை போன இடத்தில் குடும்பம். வீட்டைக்கூடக் கழற்றி ஒட்டகத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வளைந்த கொம்புகளையும் பாய்களையும் கொண்டு அந்த வீட்டைக் கட்டுவது யார் என்கிறீர்கள்? பெண்கள்தான். ஒட்டகத்தை மேய்ப்பது ஆணின் பொறுப்பு. வீட்டைக் கட்டிப் பிரிப்பதும் பாலைப் பேணுவதும் பெண்ணின் பொறுப்பு. நார்களைக் கொண்டு நெருக்கமாகப் பின்னிய குடுவைகளில் புகை பிடிக்க வைத்து, அதில் பாலை ஊற்றுகிறார்கள். அந்தப் புகை பால் சீக்கிரம் கெடாமல் காப்பதோடு தனி மணமும் தருகிறது. அந்தப் பாலைச் சந்தைக்குக் கொண்டு போய் விற்று வருகிறவர்களும் பெண்களே.

இப்படிப்பட்ட நாட்டில் எல்லைக் கோடு என்பது நிலையானதல்ல. இந்த வருஷம் உன் பக்கம் மழை. என் ஒட்டகம் உன் கிணற்றுக்கு வருகிறது. அடுத்த வருஷம் என் பக்கம் மழை. உன் மாடு என் புல்லுக்கு வருகிறது. கேட்டுக்கொண்டு வந்தால் விருந்தாளி. கேட்காமல் வந்தால் திருடன். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வார்த்தைதான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி அந்த வார்த்தையைக் காப்பாற்றி வந்தார்கள். கொலையே நடந்தாலும் பரிகாரம் உண்டு. ஆண் ஒருவன் கொல்லப்பட்டால் நூறு ஒட்டகம், பெண் கொல்லப்பட்டால் ஐம்பது என்பது சோமாலிகளின் பழைய வழக்கம். (ஏன் அந்தப் பாதிக் கணக்கு என்று வாசகிகள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான்!)

அந்தக் கட்டுப்பாடு 1990-களின் தொடக்கத்தில் உடைந்தது. 1991 ஜனவரியில் அண்டை நாடான சோமாலியாவில் சர்க்கார் கவிழ்ந்தது. அகதிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் துப்பாக்கிகளும் வந்தன. அதே சமயத்தில் கடும் பஞ்சம் வந்து மந்தை மந்தையாகக் கால்நடைகள் மடிந்தன. 1992 டிசம்பரில் கென்யாவில் பல கட்சித் தேர்தல் நடந்தபோது, எந்தக் குலத்துக்கு எத்தனை ஸ்தானம் என்ற போட்டியும் சேர்ந்துகொண்டது. அரசாங்கத்தின்மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை கிடையாது. 1963 முதல் 1991 வரையில் அந்தப் பிரதேசம் முழுவதும் அவசர நிலைச் சட்டத்தின் கீழ் இருந்தது என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

ஈட்டியும் கத்தியும் இருந்த கைகளில் இயந்திரத் துப்பாக்கி வந்தால் பெரியவர்களின் பேச்சு எடுபடுமா? 1992-க்கும் 1995-க்கும் இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்று கணக்கு. வெளியூரிலிருந்து வந்திருந்த பல உபாத்தியாயர்களும் வைத்தியசாலைச் சிப்பந்திகளும் ஊரை விட்டுப் போனார்கள்.

சந்தையில் ஆரம்பித்த காரியம்

சண்டை காட்டில் நடந்தாலும் சந்தைக்கு வந்து சேர அதிக நாளாகவில்லை. ஒரு குலத்துப் பெண் இன்னொரு குலத்துப் பெண்ணிடம் பால் வாங்க மாட்டாள், விற்கவும் மாட்டாள். அவள் பக்கம் இவள் உட்கார மாட்டாள். இதில் எல்லோருக்கும் நஷ்டம். பால் விற்றால்தான் அன்று சமையலுக்குச் சாமான் வாங்க முடியும்.

தேக்கா அம்மையாரும் சில சிநேகிதிகளும் பேச ஆரம்பித்தார்கள். முதலில் பத்துப் பன்னிரண்டு பேர்கூட இல்லை. ஒரு கல்யாண வீட்டில் பல குலத்துப் பெண்களும் கூடியிருந்தபோது இந்தப் பேச்சு வளர்ந்தது என்று சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் கூடினால் வம்புதான் பேசுவார்கள் என்று நினைக்கும் கணவன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

அந்தச் சிறு கூட்டத்தார் சேர்ந்து வேலை தொடங்குமுன் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். என் குலத்தார் உன் உறவினரைக் கொன்றுவிட்டார்கள் என்று நாளைக்குச் செய்தி வந்தாலும், நீ என்னோடு உட்கார்ந்து சமாதானத்துக்கு வேலை செய்வாயா? செய்வேன் என்று சொல்ல முடியாதவர்கள் இதில் சேர வேண்டாம் என்பது ஏற்பாடு. கேட்பதற்குச் சுலபமான கேள்வி. பதில் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பிறகு சந்தைக்குப் போனார்கள். எந்தக் குலத்துப் பெண்ணானாலும் பயமில்லாமல் வரலாம், வாங்கலாம், விற்கலாம் என்பது அவர்கள் வைத்த முதல் விதி. விதி நடக்கிறதா என்று பார்க்கப் பெண்களையே கொண்ட ஒரு கமிட்டி. தகராறு என்று தெரிந்தால் இரண்டு பக்கத்தாரையும் அழைத்துப் பேசுவார்கள். சந்தை மறுபடி சந்தையாயிற்று.

இதில் இன்னொரு லாபம் இருந்தது. சந்தையைக் காக்கப் போன பெண்கள் சந்தையைப் படிக்கவும் கற்றார்கள். இத்தனை நாள் வந்துகொண்டிருந்த ஒரு குலத்துப் பெண்கள் இன்று ஏன் வரவில்லை? பட்டியிலிருந்து பால் வரவில்லையென்றால் மந்தை இடம் பெயர்ந்துவிட்டதா? எந்தப் பக்கம் போயிற்று? யாருடைய கிணற்றுக்கு? போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிராது வருமுன்னே, பால் குடுவை வராததிலிருந்தே சங்கதி புரிந்துவிடும்.

பெண்களால் மட்டும் முடிகிற காரியமா இது? இல்லை என்பதை அவர்களே உணர்ந்திருந்தார்கள். குலப் பெரியவர்களின் சபையில் பெண்கள் உட்கார்ந்து பேசும் வழக்கம் அங்கே கிடையாது. அந்த வழக்கத்தோடு மோதிப் பொழுதைப் போக்காமல், சண்டையில் சேராத சிறிய குலங்களின் பெரியவர்களை மத்தியஸ்தத்துக்குப் பிடித்தார்கள். அவர்கள் மூலம் பெரிய குலங்களின் தலைவர்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். 1993 செப்டம்பர் 29-ஆம் தேதி 'அல் ஃபத்தா பிரகடனம்' என்ற உடன்படிக்கை உருவாயிற்று. பிறகு வாலிபர்களுக்கு ஒரு சங்கம் ஏற்பட்டது. வியாபாரிகளும் மார்க்கத் தலைவர்களும் சேர்ந்தார்கள். 1995-ல் எல்லாம் ஒன்றாகி, ஜில்லா கமிஷனரின் தலைமையில் 'வஜீர் சமாதான, அபிவிருத்திக் கமிட்டி' ஆயிற்று.

அந்தக் கமிட்டியில் விரைந்து செல்லும் கோஷ்டி என்று ஒன்று அமைத்திருந்தார்கள். பெரியவர்கள், மார்க்கத் தலைவர், பெண்கள், ஒரு பந்தோபஸ்து அதிகாரி என்று கலந்த கோஷ்டி. எங்கேயோ ஒட்டகம் களவு போயிற்று என்று தகவல் வந்தால் உடனே வண்டி ஏறிப் போவார்கள். திருட்டு கொலையாகுமுன், கொலை பழிக்குப் பழியாகுமுன் நடுவே போய் உட்கார்ந்துகொள்வார்கள். காணாமற்போன ஒட்டகத்தைத் தேடிப் பிடித்து உடையவனிடம் சேர்ப்பதும் சமாதான வேலைதான்.

நான்கு தேசங்களின் எல்லையில்

வஜீரின் அனுபவம் கென்யாவில் மற்ற ஜில்லாக்களுக்கும் வழி காட்டிற்று. ஆனால் மந்தைகள் ஜில்லா எல்லையோடு நிற்பதில்லை. தேச எல்லையைக்கூட மதிப்பதில்லை. மேற்கே, உகாண்டா, கென்யா, எத்தியோப்பியா, தென் சூடான் நான்கும் வந்து முட்டும் ஒரு வறண்ட பிரதேசம் உண்டு. கரமோஜா மண்டலம் என்று பெயர். கரிமோஜோங், துர்க்கானா, போக்கோட், தொப்போசா, நியாங்கதோம், தசானெச் என்று பல மேய்ச்சல் சமூகங்கள் அங்கே வாழ்கின்றன. எல்லாருக்கும் உயிர் மாடு. எல்லாருடைய கையிலும் துப்பாக்கி.

அங்கே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குச் சீர் கொடுக்க வேண்டும், அதுவும் மாடுகளாக! நம் பெண்களைப் பெற்றவர்கள் பெருமூச்சு விட வேண்டாம். அந்தச் சீருக்கு வேண்டிய மாடுகளைச் சம்பாதிக்க வாலிபர்கள் எல்லை தாண்டிப் போய் அடுத்தவர் பட்டியில் புகுந்து ஓட்டி வருவதும் உண்டு. அதில் போகும் உயிர்களுக்குக் கணக்கில்லை.

இதைத் தடுக்க அந்தப் பக்கத்து அரசாங்கங்கள் கூடி யோசித்தன. 'இகாட்' என்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 2002 ஜனவரியில் சூடானின் தலைநகர் கார்ட்டூமில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 'சீவார்ன்' என்ற முன்னெச்சரிக்கை ஏற்பாடு அதன்படி ஏற்பட்டது. தலைமை அலுவலகம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில்.

அது வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. புயல் வருமுன் கடற்கரையில் கூண்டு ஏற்றுவார்களே, அது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காற்றை அளக்கக் கருவி இருக்கிறது. மனிதர்களின் மனத்தை அளக்கக் கருவி ஏது? ஆகவே அந்தந்த இடத்து மனிதர்களையே களப் பார்வையாளர்களாக நியமித்தார்கள். வாரந்தோறும் ஓர் அறிக்கை எழுத வேண்டும். கொள்ளையோ மோதலோ நடந்துவிட்டால் தனியே ஒரு சம்பவ அறிக்கை. அறிக்கைக்கு அவர்களிடம் கொடுத்திருக்கும் கேள்விகளில் சில இந்த மாதிரியானவை.

சந்தை வழக்கம் போல் நடக்கிறதா? இரு தரப்பாருக்குள் கல்யாண சம்பந்தம் நடந்ததா? பரிசு கொடுத்து வாங்கிக்கொண்டார்களா? மேய்ச்சலையும் தண்ணீரையும் பகிர்ந்துகொள்கிறார்களா? குறி சொல்கிறவர்கள் சண்டை வரும் என்கிறார்களா? கொள்ளைக்குப் புறப்படுமுன் செய்யும் ஆசீர்வாதச் சடங்கு எங்காவது நடந்ததா? சந்தையில் தோட்டாக்கள் சரக்கு போலக் கைமாறுகின்றனவா?

பார்த்தீர்களா? கெடுதலைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நல்லதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏனென்றால் நல்ல வழக்கங்கள் நின்றுபோவதே அபாயத்தின் அறிகுறி. இந்த அறிக்கைகளை வைத்து ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையும் அதையே சொல்கிறது. கோபமூட்டும் செய்கைகள் அதிகமாகி, கொடுக்கல் வாங்கலும் சமாதான முயற்சிகளும் குறையும்போது மோதல் முற்றுகிறதாம்.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு அதிசயம். பஞ்ச காலத்தில்தான் சண்டை அதிகமாக இருக்கும் என்று நாம் நினைப்போம். புல்லும் புதரும் செழித்திருக்கும்போதுதான் கொள்ளைக்காரர்களுக்கு மறைந்து வர வசதி! கென்யாவில் மார்சபிட் ஜில்லாவை ஆராய்ந்தவர்களும் மழை நன்றாகப் பெய்த வருஷங்களிலேயே கொலைகள் அதிகம் என்று கண்டார்கள். பஞ்சத்தில் மாடுகள் மெலிந்து கிடக்கும். ஓட்டிக்கொண்டு போனாலும் வழியில் விழுந்துவிடும். அதோடு அந்த நேரத்தில் அடுத்தவன் கிணறு தேவைப்படும், பகைத்துக்கொள்ள முடியாது. மழை பெய்து மாடு கொழுத்து வழியெல்லாம் தண்ணீர் நிற்கும்போது திருடனுக்கும் அதுதான் நல்ல காலம். ஆகவே மழை பெய்துவிட்டதே என்று காவலைத் தளர்த்துவது பெரிய பிசகு.

தாயின் இடுப்புப் பட்டி

அறிகுறிகளில் பெண்கள் மட்டும் அறிந்தவை சில உண்டு. பிள்ளை புறப்படப் போகிறான் என்பது தாய்க்குத் தெரியாமல் இருக்குமா?

போக்கோட் சமூகத்துப் பெண்களிடம் 'லெகெத்தியோ' என்று ஓர் இடுப்புப் பட்டி உண்டு. தோலில் சிப்பிகளை வைத்துத் தைத்தது. பிள்ளையைச் சுமந்த வயிற்றைத் தாங்கிய பட்டி அது. மகன் கொள்ளைக்குப் போகும்போது தாய் அதை இடுப்பில் கட்டிக்கொண்டால் அவனுக்கு ஆபத்து வராது என்பது அவர்கள் நம்பிக்கை. அதே பட்டியைச் சண்டை போடுகிறவர்களுக்கு நடுவே ஒரு பெண் அவிழ்த்துப் போட்டுவிட்டால் அதைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பதும் அவர்கள் வழக்கம். தாய்மார் கட்ட மறுத்தால் மகனுக்குக் கால் எழும்புவது கஷ்டம்.

பெண்கள் எல்லாரும் சாந்த சொரூபிகள் என்று சொல்ல வரவில்லை. பாட்டுப் பாடி ஆண்களை உசுப்பி விடுவதிலும், மாடு கொண்டு வராதவனைக் கோழை என்று கேலி செய்வதிலும் பெண்களுக்குப் பங்கு உண்டு. வஜீர் பெண்களும் சண்டையை வளர்ப்பதில் தங்கள் பங்கை முதலில் ஒப்புக்கொண்ட பிறகே சமாதானம் பேசக் கிளம்பினார்கள். உசுப்பிவிடத் தெரிந்த நாவுக்கு அடக்கவும் தெரியும் அல்லவா?

தெரிந்தும் தடுக்காத நாள்

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் எல்லாம் சுபமாக முடிந்ததா என்றால், இல்லை. மார்சபிட் ஜில்லாவில் துர்பி என்று ஒரு கிராமம். கப்ரா சமூகத்தார் வாழும் ஊர். 2005 ஜூலை 12-ஆம் தேதி காலையில் ஆயுதம் தாங்கிய ஒரு பெரிய கூட்டம் ஊருக்குள் புகுந்தது. பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகள் போகும் நேரம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பள்ளிக் குழந்தைகள். வந்தவர்கள் போரானா சமூகத்தார் என்பதால், அன்றே வேறோர் இடத்தில் வழியில் போய்க்கொண்டிருந்த போரானாக்களைப் பழிக்குப் பழியாகக் கொன்றார்கள். அவர்களிலும் குழந்தைகள் இருந்தார்கள்.

இது திடீரென்று வந்த இடி அல்ல. அதற்கு முன் மாதக் கணக்கில் மாட்டுத் திருட்டும் பதிலுக்குப் பதிலும் நடந்து வந்தன. பயம் ஊரெல்லாம் பரவியிருந்தது. அதிகாரிகளின் காதிலும் விழுந்திருந்தது. குமிழி தெரிந்தது, ஆடை எழும்பியதும் தெரிந்தது. இறக்கி வைக்க எந்தக் கையும் சமயத்தில் நீளவில்லை.

துர்பிக்குப் பிறகு, 2006 ஏப்ரல் 10-ஆம் தேதி, அந்தச் சமூகங்களைச் சமாதானப்படுத்த மார்சபிட்டுக்குப் போன விமானம் ஒன்று விழுந்து நொறுங்கி, பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் உள்படப் பதினான்கு பேர் மாண்டார்கள். அந்தத் துக்கத்துக்கெல்லாம் பிறகு 2009-ல் கப்ராக்களும் போரானாக்களும் மைக்கோனா என்ற ஊரில் கூடி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இன்ன குற்றத்துக்கு இன்ன அபராதம் என்று தாங்களே விதித்துக்கொண்டார்கள்.

முன்னெச்சரிக்கை ஏற்பாட்டில் பலவீனம் எங்கே என்பது இதிலிருந்து தெரிகிறது. செய்தி சேகரிப்பதில் அல்ல. செய்தி வந்த பிறகு நடப்பதில்தான். எல்லைப்புறத்துக் கிராமத்தில் கண்ட அறிகுறி அறிக்கையாகித் தலைநகரம் போகிறது. அங்கே படித்து, ஆலோசித்து, உத்தரவு போட்டு, அது திரும்பி வந்து சேருமுன் மந்தை போய்விடுகிறது. சில சமயம் மனிதர்களும் போய்விடுகிறார்கள். உள்ளூர்க் கமிட்டிக்கு மனமிருந்தாலும் வண்டிக்குப் பெட்ரோல் போடப் பணம் இராது. இந்தக் குறையைப் போக்கத்தான் 2009-ல் 'சீவார்ன்' அவசர நடவடிக்கைக்கென்று ஒரு நிதியை ஏற்படுத்திற்று. உள்ளூர்க் கமிட்டிகளின் சமாதான வேலைகளுக்கு அதிலிருந்து பணம் கொடுக்கலானார்கள்.

கைத் தொலைபேசி வந்த பிறகு செய்தி போவதற்கு நிமிஷம்தான். ஆனால் அதே தொலைபேசி கொள்ளைக்காரன் கையிலும் இருக்கிறது. ஆகவே இன்றைக்கும் விஷயம் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது. சேதி கேட்டவுடன் எழுந்து போக யாராவது தயாராக இருக்கிறார்களா? போகிறவர்களை இரண்டு பக்கத்தாரும் நம்புகிறார்களா?

அம்மையார் விட்டுப் போனது

தேக்கா அம்மையாரின் வேலை வஜீரோடு நிற்கவில்லை. சண்டை நடக்கும் பல தேசங்களுக்குப் போய்ச் சமாதானம் செய்யும் முறையைப் பலருக்கும் கற்பித்தார். 2007-ல் 'மாற்று நோபல்' என்று உலகம் சொல்லும் ரைட் லைவ்லிஹுட் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2011 ஜூலையில் ஒரு சாலை விபத்தில் காயமடைந்து காலமானார். நாற்பத்தேழு வயதுகூட இருக்காது. அந்த விபத்து அவருடைய கணவரையும் கொண்டுபோயிற்று.

வஜீரில் அதற்குப் பிறகு சண்டையே நடக்கவில்லை என்று எழுத ஆசைதான். அது உண்மையாகாது. 2014-ல்கூட வஜீர், மந்தேரா எல்லையில் தெகோதியா, கர்ரே குலத்தாருக்குள் பெரிய மோதல் மூண்டு பலர் மாண்டார்கள். பாலை ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டால் நாளைக்குப் பொங்காது என்று எந்த இல்லத்தரசி சொல்வாள்? தினம் தினம் அடுப்பின் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அடுப்பின் பக்கத்தில் நிற்க ஆள் உண்டு என்பதை வஜீர் காட்டிவிட்டது. மேய்ச்சல் நாடுகளின் சமாதானக் கமிட்டிகளில் பெண்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று இன்றைக்குப் பேசுகிறார்கள் என்றால், முதல் நாற்காலி சந்தையில் பால் குடுவைகளுக்கு நடுவே போட்டதுதான். அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் தினமும் உட்காருகிறவள் இன்று வரவில்லையே, என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் எழுந்து போய்ப் பார்த்தார்கள்.